ரோமானியக் காசும் அதன் பிரதிகளும்

எருமப்பட்டியிலிருந்து பார்த்தால் வடக்கே கொல்லிமலை ஓங்கி நிற்கிறது. மேற்கே நாமக்கல்லைக் கடந்து, பரமத்தி வேலூருக்கு அப்பால் காவிரிப் பாலத்தையும் தாண்டினால், சேர மன்னர்களின் கருவூராகிய கரூர் வந்துவிடும். மலைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்தச் சமவெளியில் மரவள்ளியும் சின்ன வெங்காயமும் விளைவதையும், கோழிப்பண்ணைகள் நடப்பதையும் எல்லோரும் அறிவார்கள். ஆனால் இதைச் சூழ்ந்துள்ள கொங்கு மண்ணுக்குள் அகஸ்டஸ், டிபேரியஸ் முதலிய ரோமானியச் சக்கரவர்த்திகளின் முகம் பொறித்த காசுகள் பானை பானையாகப் புதைந்து கிடந்தன என்பதும், அவற்றில் எத்தனையோ அடையாளம் அறியப்படாமலே உருக்குக் குகையில் கரைந்துபோயிருக்கும் என்பதும் சாமானியமாகப் பேசப்படாத சரித்திரம். ஆகையால் மெய்யான ரோமானியக் காசை அதன் பிரதியிலிருந்து பிரித்தறிவது எப்படி என்னும் கேள்வி, மேனாட்டுச் சேகரிப்பாளர்களுடைய பொழுதுபோக்குப் பிரச்சினையாக மட்டும் இங்கே வந்து நிற்பதில்லை.

1800-இல் பொள்ளாச்சியிலும், 1842-இல் கோவைக்கு அடுத்த வெள்ளலூரிலும், 1913-இல் கத்தாங்கண்ணியிலும், 1987-இல் சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியிலும் ரோமானிய வெள்ளிக்காசுகள் வெளிப்பட்டன. வெள்ளலூரில் அந்த ஒரு புதையலில் மட்டும் இருந்தவை 522. கொங்கு நாட்டுக்கு வெளியே, 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட 501 காசுகளும் பசும்பொன். கரூரில் அமராவதி ஆற்றுமணலைச் சலிப்பவர்கள் கையில் கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகள் ஓயாமல் கிடைத்து வந்தன. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த அவ்வகைக் காசுகளைப் பற்றி நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் தனி நூலே வெளியிட்டார். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸுக்குக் குறையாத பணத்தை ரோமாபுரியிடமிருந்து இழுத்துக்கொள்கிறது என்று முதல் நூற்றாண்டில் பிளினி புலம்பினார். மிளகுக்கும் முத்துக்கும் நம் பக்கத்து நீலப்பச்சைக் கல்லுக்கும் விலையாகக் கப்பலேறி வந்த அந்தப் பணத்தில் ஒரு பகுதிதான் இப்படி மண்ணுக்குள் தங்கிவிட்டது.

இந்தப் பின்னணியை வியாபாரிகளும் அறிவார்கள். கைப்பேசியைத் திறந்து ‘ரோமானியக் காசு’ என்று தேடுகிறவனுக்கு, ஐந்நூறு ரூபாய் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரையில் விலை குறித்த படங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன; அவற்றுள் ‘கரூர் ஆற்றில் கிடைத்தது’, ‘பாட்டனார் பெட்டியில் இருந்தது’, ‘கிணறு வெட்டும்போது வந்தது’ என்னும் குறிப்புகளுக்கும் குறைவில்லை. காசைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்க வழியில்லாமல், யாரோ எடுத்த இரண்டு படங்களையும் யாரோ எழுதிய இரண்டு வரிகளையும் நம்பிப் பணம் அனுப்பவேண்டிய இந்த வியாபாரத்தில், பழைய நாணயப் பரீட்சகர்களுடைய சாஸ்திரம் எவ்வளவு தூரம் பயன்படும், எந்த இடத்தில் அது நின்றுபோய் வேறுவகை விவேகம் தேவைப்படுகிறது என்பதே இக்கட்டுரையில் நாம் விசாரிக்கும் பொருள்.

முதலில், போலி என்பது ஒரே ஜாதியன்று. ரோமானியர்களே தங்கள் காசுக்குப் போலி செய்தார்கள். செம்பு வில்லையின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைப் போர்த்தி அச்சடித்த காசுகள் குடியரசுக் காலம் முதலே புழக்கத்தில் இருந்தன. அவற்றைக் கண்டுபிடிக்கவென்றே தொழில்முறைப் பரீட்சகர்கள் அமர்த்தப்பட்டார்கள். சுல்லா என்னும் சர்வாதிகாரியின் காலத்தில், கி.மு. 81-இல், கள்ள நாணயத்துக்குத் தண்டனை விதிக்கும் சட்டமும் பிறந்தது. இதில் விநோதம் என்னவென்றால், ஒரு போலிக் காசை மாதிரியாக வைத்துப் பாடம் படிப்பதற்காக அதற்குப் பல நல்ல காசுகளைக் கொடுத்து வாங்குகிறார்கள் என்று பிளினியே வியந்து எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அந்தப் போர்வைக் காசுகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவை போலிதான், ஆனால் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள போலி.

நம் நாட்டுக்கு வந்தால் இந்த விஷயம் இன்னும் சுவாரஸ்யமாகிறது. ரோமானியப் பொற்காசுகளைப் பார்த்து இந்தியக் கைவினைஞர்கள் அக்காலத்திலேயே பிரதி செய்தார்கள். எழுத்தின் பொருள் தெரியாத தட்டான் கோடுகளை மட்டும் ஒப்பித்ததால், சக்கரவர்த்தியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் குச்சிகளும் வளையங்களும் வரிசையாக நிற்கும் காசுகள் பல கிடைத்திருக்கின்றன. தக்காணத்தில் கொண்டாபூர், சந்திரவல்லி போன்ற இடங்களில் அதே முகங்களைச் சுட்ட களிமண்ணில் அழுத்தி, மேலே துளையிட்டுக் கழுத்தணியாகப் பூண்டிருக்கிறார்கள். காசுமாலை கோக்கும் நம் வழக்கத்துக்கு எவ்வளவு நீண்ட வம்சாவளி இருக்கக்கூடும் என்பதை நினைத்தால் இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. இலங்கையிலோ பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளின் பிரதிகள் உள்ளூரிலேயே செய்யப்பட்டு, மூலக்காசுகளோடு கலந்து சில்லறையாகப் புழங்கின.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சங்ககாலச் சேரர்களே ரோமானியக் காசின் வடிவத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள். கரூரில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் ‘மாக்கோதை’ என்றும் ‘குட்டுவன் கோதை’ என்றும் தமிழ் பிராமியில் பெயர் பொறிக்கப்பட்டு, கீழே அரசனுடைய தலை பக்கவாட்டில் வரையப்பட்டிருக்கிறது. தலையை வரைந்த அந்தப் பாங்கில் ரோமானிய வெள்ளிக்காசின் சாயல் தெளிவாகத் தெரிகிறதென்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எருமப்பட்டியார் அன்றாடம் பார்க்கும் மலையின் பெயரையே தாங்கிய ‘கொல்லிப்புறை’ என்னும் பெயருள்ள சேரக் காசும் உண்டு. சேகரிப்பாளனுடைய விலைப்பட்டியலில் பிரதிக்கு மூலத்தைவிட மதிப்புக் குறைவு என்பது பொது விதி. தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் கணக்கிலோ, ரோமாபுரியில் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய ஒரு காசைவிட, அதைப் பார்த்துத் தன் அரசன் முகத்தைத் தன் எழுத்தோடு பொறித்த கருவூர்க் கம்மியனுடைய வேலை பன்மடங்கு பெறுமானமுள்ளது என்பது என் துணிபு. ஆகையால் எழுத்துச் சிதைந்த ஒரு காசைக் கண்டவுடன் ‘கள்ளக் காசு’ என்று ஒதுக்கிவிடுபவர், சில சமயம் கையிலிருந்து நழுவவிடக் கூடாத பொருளை நழுவவிடுகிறார்.

நம்மை ஏமாற்றும் போலிகள் இவற்றுக்குப் பிற்பட்டவை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் படுவா நகரத்தில் ஜொவான்னி தா கவினோ என்பவர் ரோமானியப் பெருங்காசுகளின் பாணியில் அழகிய வெண்கலப் பதக்கங்களைச் செய்தார். ஏமாற்றவேண்டும் என்பதைவிடப் பழமையோடு போட்டியிடவேண்டும் என்னும் கலைஞனுடைய ஆசையே அவரிடத்தில் மிகுதி என்று தோன்றுகிறது. 1772 முதல் 1830 வரையில் வாழ்ந்த ஜெர்மானியர் கார்ல் வில்ஹெல்ம் பெக்கரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கிரேக்க, ரோமானியக் காசுகளுக்கு முந்நூற்றுக்கும் மேற்பட்ட அச்சுகளைத் தம் கையாலேயே வெட்டிய அந்த மனிதர், புதிதாக அடித்த காசுகளை இரும்புத் தூளும் மசகுமாக நிரப்பிய பெட்டியில் போட்டுத் தம் வண்டியின் அடியில் கட்டி ஊரைச் சுற்றிவருவாராம். தெருவின் குலுக்கலில் காசுகளுக்கு இரண்டாயிரம் ஆண்டுத் தேய்மானம் ஒரு பிற்பகலில் வந்துசேரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி என்பவர் மின்முலாம் முறையில் நேர்மையான பிரதிகளைச் செய்து, விளிம்பில் தம் பெயரெழுத்தையும் பொறித்துவைத்தார். இரு பாதிகளைச் சேர்த்து ஒட்டிய அந்தப் பிரதிகளின் விளிம்பைத் தேய்த்துவிட்டு மூலமென்று விற்றவர்கள் பின்னால் வந்தார்கள். இன்றைய தொழிற்சாலைகளோ மூலக்காசிலிருந்தே அச்சை எடுத்து யந்திரத்தில் அழுத்திவிடுகின்றன. இந்தக் கடைசி வகையைக் கண்டு தேர்ந்த கண்ணும் தடுமாறுகிறது.

கையில் காசு வந்தபின் செய்யும் பரீட்சைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். அகஸ்டஸ், டிபேரியஸ் காலத்து வெள்ளிக்காசு, அதாவது தெனாரியஸ், குறுக்களவில் 18 மில்லிமீட்டரை ஒட்டியும், எடையில் ஏறக்குறைய 3.7 கிராமும் இருக்கும், பொற்காசு 7.8 கிராம் அளவில் நிற்கும். நீரோ மன்னன் கி.பி. 64-இல் இரண்டையுமே இலேசாக்கினான். வெள்ளியின் மாற்றையும் குறைத்தான். நம் நாட்டுப் புதையல்களில் அதற்கு முற்பட்ட கனத்த காசுகளே பெரும்பான்மையாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறார்கள். நம் முன்னோர் காசின் முகத்தைவிட அதன் வெள்ளியை நன்றாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்தால், 3.75 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளிக்காசு சுமார் 0.36 கிராம் குறைந்து காட்டும். அதே எடையுள்ள பித்தளை 0.44 கிராம் குறையும். நகைக்கடைத் தராசு ஒன்றிருந்தால் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். காந்தத்தில் ஒட்டும் காசு இரும்பு என்பதை எழுதத் தேவையே இல்லை.

ஆனால் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் அவர் ‘எத்தனை டச்’ என்று சொல்லிவிடுவாரே, அது போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போதாது. உரைகல்லும் திராவகமும் இப்போதைய கதிர் யந்திரமும் உலோகத்தின் மாற்றைச் சொல்லும், வயதைச் சொல்லமாட்டா. உடைந்த கொலுசை உருக்கி டிபேரியஸை அடித்தாலும் மாற்றுச் சரியாகவே நிற்கும். நிபுணர்கள் யந்திரக் கணக்கில் தேடுவது, பழைய வெள்ளியோடு பிரிக்கப்படாமல் தங்கிவிட்ட சொற்பத் தங்கத்தையும் ஈயத்தையும். இன்றைய சுத்திகரித்த வெள்ளியில் அவை அந்த அளவில் இருப்பதில்லை. அதைவிட்டு விளிம்பை அரத்தால் ராவுவதும், புளியும் சாம்பலும் போட்டுத் துலக்குவதும் பரீட்சையாக மாட்டா, அவை வதம். நூற்றாண்டுகளாக மண்ணில் படிந்த மேல்தோல்தான் காசின் சாட்சிகளில் முதன்மையானது, அதைத் தேய்த்தெடுத்துவிட்டுப் பளபளப்பாக விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே அந்தச் சாட்சியைக் கொன்றுவிடுகிறார்கள்.

இணையத்தில் வாங்குபவனுக்கு இவற்றில் எதுவும் முன்கூட்டிக் கைகூடாது. அவனுக்குக் கிடைப்பவை படங்கள். ஆகவே படத்திலிருந்து எவ்வளவு பெறலாம் என்று பார்க்கவேண்டும். பழைய காசு இரண்டு அச்சுகளுக்கு நடுவே சூடான வில்லையை வைத்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தது. அதனால் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாகவும், உருவம் நடுவை விட்டு ஒதுங்கியும், விளிம்பு வட்டம் கெட்டும், சில இடங்களில் அடியின் அழுத்தத்தால் வெடித்தும் இருக்கும். வார்ப்புப் பிரதியில் எழுத்தின் அடிப்பகுதி உருண்டு குழைந்து, மேற்பரப்பெங்கும் ஊசிமுனைக் குழிகளோ மணிமணியான கொப்புளங்களோ தென்படும். விளிம்பைச் சுற்றி அச்சுப் பெட்டியின் இரு பாதிகளும் சந்தித்த கோடு ஓடும், அல்லது அதை மறைக்க ராவிய தடம் இருக்கும். ஆகையால் முன்புறம், பின்புறம் ஆகிய இரண்டோடு விளிம்பின் படத்தையும் தராசின் மேல் வைத்த படத்தையும் கேட்பது வாங்குபவனுடைய உரிமை. இவற்றை அனுப்பத் தயங்குகிற விற்பனையாளரிடம் மேலே பேச வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பலமான பரீட்சை ஒன்று உண்டு. அது வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது. ஒரே ஜோடி அச்சில் அடித்த இரண்டு மெய்க்காசுகள் இருக்கலாம். ஆனால் வில்லையின் வடிவம், உருவம் ஒதுங்கிய அளவு, வெடிப்பு, கீறல், தேய்மானம் ஆகிய இத்தனையும் ஒன்றாக அமைந்த இரண்டு மெய்க்காசுகள் உலகத்தில் இருக்க முடியாது. ஆகவே விற்பனைக்கு வந்த காசின் படத்தைப் படத்தேடலில் கொடுத்துப் பார்த்து, அதே வெடிப்பும் அதே கீறலும் உள்ள சகோதரர்கள் வேறு கடைகளிலும் நின்றால், அவர்கள் அனைவரும் ஒரே வார்ப்புக் குழியில் பிறந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடலாம். சில சமயம் அதே படமே ஏதோ ஐரோப்பிய ஏலத்தின் பழைய பட்டியலிலிருந்து திருடப்பட்டிருப்பதும் தெரியவரும். இந்த ஒப்புநோக்கும் வேலையைத்தான் நிபுணர்களும் பெரிய அளவில் செய்கிறார்கள். தொழில்முறை நாணய வியாபாரிகளின் சர்வதேசச் சங்கம் 1951-இல் தோன்றியபின், போலிகளின் படங்களைத் திரட்டி வெளியிடுவதை ஒரு கடமையாகவே நடத்தி வந்தது. அமெரிக்க நாணயவியல் சங்கம் ரோமானியச் சாம்ராஜ்யக் காசுகளின் வகைகளையெல்லாம் படங்களோடு இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. எருமப்பட்டியில் கைப்பேசி வைத்திருக்கும் மாணவனுக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சென்னைப் பேராசிரியருக்கும் எட்டாதிருந்த நூலகம் இன்று எட்டுகிறது.

ஒப்புநோக்க வேண்டுமானால் வகைகளை அறிந்திருக்கவேண்டும். நல்லவேளையாக, தென்னாட்டு வெள்ளிப் புதையல்களில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே வகைகள். ஒன்று, பிரான்ஸின் லியோன் நகரத்தில் அடித்த அகஸ்டஸ் காசு: பின்புறத்தில் அவனுடைய பேரர்களான கையுஸும் லூசியுஸும் மேலங்கி தரித்து நிற்க, அவர்களிடையே கேடயங்களும் ஈட்டிகளும் இருக்கும். மற்றொன்று டிபேரியஸ் காசு: முன்புறம் மாலை சூடிய தலை, பின்புறம் செங்கோலேந்தி ஆசனத்தில் அமர்ந்த ஒரு பெண். விவிலியத்தில் வரிப்பணமாகக் காட்டப்பட்ட காசு இதுதான் என்னும் நம்பிக்கை கிறிஸ்தவ நாடுகளில் பரவியிருப்பதால் உலகம் முழுவதும் இதற்குக் கிராக்கி; கிராக்கி உள்ள இடத்தில் பிரதியும் பெருகும். எழுத்தைக் கவனிப்பது இங்கே பிரயோஜனப்படும். லத்தீன் கல்வெட்டெழுத்தில் ‘யூ’ வடிவம் தனியாக இல்லை; அவ்விடத்தில் கூர்முனையுள்ள ‘வீ’ வடிவமே வரும். அடிப்பக்கம் வளைந்த ‘யூ’ இருந்தால் அது நினைவுப்பொருட் கடைக்காரனுடைய கைவரிசை. அதுபோலவே, மூன்றாம் நூற்றாண்டின் மட்ட வெள்ளிக்காசு ஒன்றைக் காட்டிக் கோவைப் பக்கத்துக் கிணற்றில் கிடைத்ததென்று ஒருவர் சொன்னால், நம் புதையல்களின் பொதுவான போக்கோடு அக்கதை ஒத்துப்போகவில்லை என்பதை மனத்தில் கொள்ளவேண்டும்.

இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளில் வேறு சில தடங்களும் உண்டு. புதுக்கோட்டைப் பொற்காசுகளில் மிகப் பெரும்பான்மையானவற்றில் சக்கரவர்த்தியின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய காயம் இருக்கிறது. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்த்த வெட்டு என்பார் சிலர். இனி இது செலாவணியாகாது, வெறும் பொன்தான் என்று அறிவித்த வெட்டு என்பார் வேறு சிலர். முகத்தை மட்டும் தேடி வெட்டியிருப்பதை நோக்கினால் எனக்கு இரண்டாவது அபிப்பிராயமே பொருந்துவதாகப் படுகிறது. எப்படியிருப்பினும் வாங்குபவனுக்கு அந்த வெட்டு ஒரு ஜன்னல்: போர்வைக் காசாயிருந்தால் அதன் வழியே செம்பின் நிறம் எட்டிப் பார்க்கும்; பழைய வெட்டாயிருந்தால் அதன் உட்புறமும் மேற்பரப்பைப் போலவே மங்கியும் தேய்ந்தும் இருக்கும். மாலையில் கோக்க இட்ட துளையும் அவ்வாறே. பழைய துளை ஆணியால் குத்தியதாகையால் மறுபுறம் உலோகம் பிதுங்கி நிற்கும், யந்திரத் துளை நேர்க்குழாயாக ஓடும். காயமில்லாத காசையே சேகரிப்பாளர்கள் விரும்புவதால் வெட்டுக்காசின் விலை குறைகிறது. நம் நாட்டு வாசகன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் அந்தக் காயம் காசுக்கு இந்தியாவில் கிடைத்த அனுபவம்.

விலையைப் பற்றியும் சொல்லவேண்டும். நான்காம் நூற்றாண்டுச் செப்புக்காசுகள் ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டு இன்றும் மண்ணோடு குவியலாக விற்கப்படுவதால், மெய்யான ரோமானியக் காசொன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது அசாத்தியமன்று. தேய்ந்து, கறுத்து, அரைகுறையாக முகம் தெரியும் அந்தச் சில்லறைக்குப் போலி செய்வதில் லாபமும் அதிகமில்லை. முழு எழுத்தும் தெளிந்த டிபேரியஸ் வெள்ளிக்காசு சில நூறு டாலருக்கும், பொற்காசு பல ஆயிரம் டாலருக்கும் வெளிநாட்டில் போகின்றன. அதையே ஐந்நூறு ரூபாய்க்குத் தருகிறவர் பிரதியை விற்கிறார். பிரதியென்று சொல்லி விற்றால் அவர்மேல் குற்றமுமில்லை. பிரதிக்குரிய விலைக்குப் பிரதியென்று வாங்கிப் பள்ளிக்கூட அலமாரியில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பாடம். அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம் பிரதிக் காசுகளில் ‘நகல்’ என்று பொறிக்கவேண்டுமென்று விதிக்கிறது. ஆனால் கடல் கடந்து வரும் மலிவுச் சரக்கில் அந்த முத்திரை இருப்பதில்லை, இருந்தாலும் ராவியெடுக்க அரை நிமிடம் போதும்.

நம் ஊர்ப்பக்கத்து மோசடிகளுக்கு இவ்வளவு கல்விகூடத் தேவையாயிருப்பதில்லை. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது தங்கக்காசுப் பானை கிடைத்ததாகச் சொல்லி, மெய்யான தங்கத்துணுக்கு ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, ஆசாரியிடம் உரைத்துப் பார்க்கவும் சம்மதித்து, பிறகு பை நிறையப் பித்தளையைத் தலையில் கட்டுவது பழைய முறை. ராமர் பட்டாபிஷேகமும் அனுமாரும் பொறித்த ‘1818-ஆம் ஆண்டு கும்பினிக் காசு’, அரிசியை இழுக்கும் இரிடியச் செம்பு என்பவை அடுத்த படி. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படிப்பட்ட காசை ஒருநாளும் வெளியிட்டதில்லை. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் இணையத்தில் வாங்கித் தருவதாகவும் விற்றுத் தருவதாகவும் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் வசூலிக்கும் கும்பல்களைப் பற்றி அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது. இவற்றில் ஏமாறுகிறவன் காசைப் பற்றி அறியாததால் ஏமாறுவதில்லை. புதையலென்னும் சொல்லைக் கேட்டவுடன் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுவதால் ஏமாறுகிறான்.

இதற்கு நேர்மாறாக, எல்லாம் அறிந்தவர்களுக்கும் தீராத சந்தேகங்கள் இருக்கின்றன. 1713-இல் டிரான்ஸில்வேனியாவில் கிடைத்ததாகச் சொல்லப்படும் சில பொற்காசுகளில், வேறெந்தச் சரித்திர நூலிலும் காணப்படாத ஸ்பொன்ஸியானுஸ் என்னும் சக்கரவர்த்தியின் பெயர் இருக்கிறது. அவற்றைப் போலியென்று நெடுங்காலம் ஒதுக்கிவைத்தார்கள். கிளாஸ்கோ காட்சிசாலையிலுள்ள காசை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தேய்மானக் கீறல்களும் படிந்த மண்ணும் மெய்யானவை என்று 2022-இல் சில விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அச்சடிக்காமல் வார்த்த காசு எப்படி ரோமானியக் காசாகும் என்று நாணயவியலார் பலர் அதை மறுத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

காசு மெய்யாயிருந்து, அதன் கதை பொய்யாயிருப்பதும் உண்டு. ஜூலியஸ் சீசரைக் கொன்றதைக் கொண்டாடிப் புரூட்டஸ் அடித்த பொற்காசு ஒன்று, இரண்டு குத்துவாள்களும் நடுவில் ஒரு குல்லாயுமாகப் பொறித்தது, 2020 அக்டோபரில் லண்டன் ஏலம் ஒன்றில் ஏறக்குறைய 42 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதன் பூர்வோத்தரத்தைச் சொன்ன காகிதம் புனைந்தது என்று பின்னர் வெளிப்பட்டு, ஏல நிறுவனத்தின் தலைவர் 2023-இல் நியூயார்க்கில் கைதானார். காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. எடை, மாற்று, அச்சு, எழுத்து ஆகிய எல்லாப் பரீட்சைகளிலும் தேறிய காசு, யாருடைய மண்ணிலிருந்து யார் எடுத்தார்கள் என்னும் ஒரே கேள்வியில் தோற்றது.

அந்தக் கேள்வியை எருமப்பட்டிக் காசு வாங்குபவனும் கேட்டாகவேண்டும். ‘கரூர் ஆற்றில் நேற்றுக் கிடைத்தது’ என்று ஒருவர் விற்கும் காசு போலியாயிருந்தால் வாங்கியவனுக்குச் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். அது மெய்யாயிருந்தால் நஷ்டம் வேறு இடத்தில் விழுகிறது. எந்தப் பானையில், எந்த மண்ணடுக்கில், எந்தச் சேரக் காசுகளோடு, எத்தனை காசுகளாக அது கிடந்தது என்பதை அறிந்தால்தான் அது சரித்திரமாகும். வெள்ளலூர்க் காசுகளைப் பற்றி நாம் இன்று பேசுவது அவை புதையலாகக் கணக்கிடப்பட்டதனால்தான். நூறாண்டுக்கு மேற்பட்ட காசை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தொல்பொருளாகவே கருதுகிறது; உரிமமின்றி அதை வியாபாரமாக விற்பதும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். ஃபேஸ்புக் நிறுவனமும் 2020-இல் தொல்பொருள் விற்பனையைத் தன் தளத்தில் தடைசெய்தது. தடைக்குப் பிறகும் விற்பனை நடக்கிறது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

மண்ணில் காசு கண்டெடுத்தவன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட எந்தப் புதையலையும், அதன் தன்மை, அளவு, கிடைத்த இடம், தேதி ஆகியவற்றோடு கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும். விசாரணையில் உரிமையாளர் யாரும் இல்லையென்று தீர்மானமானால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலக்காரனுக்குக் கால் பங்கு. சர்க்கார் அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் பெறுமானமும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும். இங்கேதான் சட்டத்தின் குறை இருக்கிறது. வெள்ளிக்காசை வெள்ளியாகவும் பொற்காசைப் பொன்னாகவும் மட்டுமே நிறுக்கும் இந்த விதி, கிணறு வெட்டும் கூலியாளிடம், தாலுகா ஆபீசுக்கு நடப்பதைவிட உருக்கிவிடுவதோ இரவோடிரவாக விற்பதோ லாபம் என்று சொல்லாமல் சொல்கிறது. இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், சேகரிப்பாளன் என்ன விலை கொடுப்பானோ அந்தச் சந்தை விலையை ஒரு குழு மதிப்பிட்டு, அதைக் காட்சிசாலை கண்டெடுத்தவனுக்கும் நிலக்காரனுக்கும் பகிர்ந்தளிக்கிறது. அங்கே உழவர்களும் உலோகத் தேடிகளும் பானைகளை மண்ணோடு அதிகாரிகளிடம் கொண்டுவருகிறார்கள்.